ஏழாம் அத்தியாயம்: கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது

கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன் சி.டி. எடுத்து உடம்பில் அளவு குறிக்கிற நாள் ஒன்று வரும். அன்று சாய்வான பலகையில் மல்லாந்து படுத்து, அறுவை செய்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் கிடக்க வேண்டும். கை ஏறவில்லையென்றால் அளவெடுப்பது சிரமம்; தேதி தள்ளிப்போகும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வலி குறையும், வீக்கம் தெரியவரும், சட்டி பானை தூக்கலாம் என்பதெல்லாம் அடுத்த பேச்சு. முதல் கெடு அந்தத் தேதி. அறுவைக்கும் அதற்கும் நடுவில் சிலருக்குச் சில வாரங்கள்தான் இருக்கும். நடுவில் கீமோதெரபி வருகிறவர்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். அவர்கள்தான் ‘இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தோளை இறுகவிட்டுக்கொள்கிறார்கள்.

இந்த நூலைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது குமரி, நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்குகிறவர்களாக இருப்பீர்கள். ரயில் நிலையமும் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையமும் எதிரெதிரே. அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பேருந்தில் ஏறினால் ஏழு கிலோமீட்டர் போல வரும். மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே மண்டலப் புற்றுநோய் மையம், ஆர்.சி.சி. என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். 1981-இல் தொடங்கியது. குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிற வழக்கம் மாறவில்லை. சென்னை ஓர் இரவுப் பயணம். இது காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற தூரம்.

அந்த வசதியிலேயே ஒரு குறையும் இருக்கிறது. அறுவை முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டால் பிசியோதெரபிக்காக மட்டும் யாரும் மறுபடி வண்டி ஏறுவதில்லை. ஆகவே வார்டில் இருக்கும்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஊரில் எதைச் செய்ய வேண்டும், எதற்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று பிரித்துச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அக்குளில் என்ன நடந்தது

அறுவை நடந்தது மார்பில் என்றாலும், கையைப் பிடித்து இழுக்கிற தொந்தரவு பெரும்பாலும் அக்குளிலிருந்துதான் வருகிறது. புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுக்கிறார்கள். காய்ச்சலில் நெறி கட்டும் என்போமே, அந்தக் கணுக்கள்தான். சிலருக்கு முதல் வரிசையில் ஒன்றிரண்டு மட்டும். சிலருக்கு அக்குளை முழுதாகச் சுத்தம் செய்வார்கள். உங்களுக்கு எது நடந்தது என்பது டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போகாதீர்கள். முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் கை வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான்.

கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் அக்குளில் எடுக்க வேண்டிய கணுக்கள் குறையலாம்; கைக்கும் அது லாபம். கைதேர்ந்த சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்த்தே கட்டியை முன்னதாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். தொட்டுப் பார்க்கப்பட்ட பிரிவில் ஆரம்ப நிலைப் புற்றுகள் கூடுதலாகப் பிடிபட்டன. உங்கள் வீட்டில் உள்ள மற்ற பெண்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அக்குளைத் திறக்கும்போது மேற்கையின் உட்பக்கத் தோலுக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு ஒன்று இழுபடும், சில நேரம் வெட்டுப்படும். அதனால்தான் மேற்கையின் அடிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. இது பக்கவாதம் அல்ல. மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். ஆனால் தீப்பட்டதுபோல எரிந்தாலோ, துணி உரசினாலே தாங்க முடியவில்லை என்றாலோ சகித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்குத் தனி மாத்திரைகள் உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று நாமே வரவழைத்துக்கொள்வது. மார்பு போன இடத்தை மறைக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையை வயிற்றோடு ஒட்டிவைத்து, தோளை முன்னால் குறுக்கி நடக்கிறோம். வலிக்குப் பயந்தும் அப்படியே உட்காருகிறோம். சில வாரம் இப்படி இருந்தால் மார்பின் முன்தசை அந்த நீளத்துக்கே சுருங்கிவிடும், தோள்பட்டை எலும்பும் முதுகில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட்டிடம் வருகிறவர்களில் பலருக்குத் தையலைவிட இந்தக் குறுகலைச் சரிசெய்யத்தான் அதிக நாள் ஆகிறது.

ட்ரெயின் குழாய் இருக்கும் நாட்கள்

அறுவையின் மறுநாளே விரல்களை மடக்கி நீட்டலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம், தோள்களைக் காதுவரை உயர்த்தி இறக்கலாம். மூச்சை ஆழமாக இழுத்துவிட வேண்டும். கட்டு இறுக்கமாக இருப்பதால் மேல்மூச்சாகவே விட்டுக்கொண்டிருப்போம். தலை சீவுவது, பல் தேய்ப்பது, சோறு பிசைந்து உண்பது எல்லாம் அந்தக் கையாலேயே நடக்கட்டும். வலது பக்கம் அறுவை ஆனவருக்கு அக்காவோ மகளோ ஊட்டிவிடுவது பாசம்தான்; ஆனால் தோளுக்கு நல்லதல்ல.

உள்ளே சேரும் நீரை வடிக்கிற ட்ரெயின் குழாய் பக்கத்தில் தொங்கும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தச் சொல்ல மாட்டார்கள். சீக்கிரமே அதிகம் இழுத்தால் உள்ளே நீர் கூடுதலாகச் சுரக்கும், குழாய் எடுப்பதும் தாமதமாகும். ஒரு நாளைக்கு வடிவது சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் எடுப்பது வழக்கம். குழாயை எடுத்த பிறகும் அக்குளில் நீர்க்கட்டு சேர்ந்து பந்துபோலப் புடைக்கலாம். அதைப் பிசைந்து கரைக்கப் பார்க்கக் கூடாது. அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டினால், தேவைப்பட்டால் ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

‘அதிகம் அசைத்தால் வீங்கிவிடும்’ என்ற பயம் நர்சுகளிடமும் உறவினர்களிடமும் இன்னும் இருக்கிறது. 2021-இல் இங்கிலாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களில் ஒரு பாதிக்கு, அறுவை முடிந்து ஏழு முதல் பத்து நாளில் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கினார்கள். மறுபாதிக்கு வழக்கமான அறிவுரைத் துண்டுத்தாள் மட்டும். ஓர் ஆண்டு கழித்துப் பயிற்சி செய்தவர்களின் கை நன்றாக வேலை செய்தது. வீக்கமோ புண் பிரச்சினையோ அவர்களுக்குக் கூடவில்லை. நாட்கணக்கை உங்கள் சர்ஜன் முடிவு செய்யட்டும். ஆனால் ‘ஒரு மாதம் கையை அசைக்காதே’ என்று யாராவது சொன்னால், எதற்காக என்று காரணம் கேளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் கை வைத்து என்ன செய்வார்

பிசியோதெரபி என்றதும் கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கையால் செய்வதுதான் முக்கியம். அறுவை ஆன இடத்தில், மரத்துப்போன தோலில், சூடு கொடுக்கிற எந்தக் கருவியையும் வைக்க விடாதீர்கள். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் தழும்பைத் தொடவே மாட்டார். நல்ல பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்வார். முன்னால் ஒரு தலையணை வைத்து அறுவை ஆன கையை அதன்மேல் சாத்துவார். பிறகு முதுகுப் பக்கம் நின்று, ஒரு கையைத் தோளின் மேலும் மறுகை விரல்களைத் தோள்பட்டை எலும்பின் விளிம்பிலும் கொடுத்து, அந்த எலும்பை மேலே, கீழே, முதுகெலும்பை நோக்கி, விலக்கி, மெல்ல நகர்த்துவார். கை எங்கேயும் உயரவில்லை, வலியும் இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். தோள்பட்டை எலும்பு முதுகில் சறுக்கினால்தான் கை காதுக்குப் பக்கத்தில் போக முடியும் என்பது அப்போது புரியும்.

அடுத்தது மார்பின் முன்தசை. மல்லாந்து படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துவார். இதில் தேய்ப்பது, குத்துவது எதுவும் கிடையாது. இழுவிசை தெரிய வேண்டும். பல்லைக் கடிக்கிற வலி வரக் கூடாது. வலித்தால்தான் சரியாகும் என்று நம்பி, வாயை மூடிக்கொண்டு பொறுப்பவர்கள் பலர். அப்படிப் பொறுத்தால் தசை இன்னும் இறுகித்தான் போகும். சொல்லிவிடுங்கள்.

தழும்புக்கு வரும்போது காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்து, டாக்டரும் சரி என்றிருக்க வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்து, விரல் தோலின் மேல் வழுக்காமல், தோலே அடித்தசையின் மேல் நகரும்படி செய்ய வேண்டும். மேலும் கீழும், குறுக்கே, சின்ன வட்டமாக. எங்கே நகர மறுக்கிறதோ அங்கே சற்று நின்று காத்திருக்க வேண்டும். இதை நீங்களே கற்றுக்கொண்டு தினம் இரண்டு வேளை, ஐந்து பத்து நிமிடம் செய்யலாம். கடைசியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும். முதலிலேயே எண்ணெய் பூசினால் விரல் வழுக்கிக்கொண்டே போகும், அடியில் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும். முதல் தடவை தழும்பைத் தொடுவதற்கே மனம் ஒப்பாது. கண்ணாடி பார்க்காமல் குளியலறையில் தண்ணீர் ஊற்றும்போது தொட்டுப் பழகியவர்கள் உண்டு. அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

அறுவை ஆன சில வாரங்களில் சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கைவரை, சில நேரம் மணிக்கட்டுவரைகூட, தோலுக்கடியில் கயிறுபோல ஒன்று தெறித்து நிற்கும். கையை உயர்த்தினால் வில்லின் நாண்போல விறைக்கும். இது நரம்பு சுருண்டதல்ல, புற்று திரும்பியதுமல்ல. அடைபட்ட நிணநீர்க் குழாய்களும் அவற்றைச் சுற்றிய திசுவும் தடித்து நிற்பது. 2001-இல்தான் மருத்துவ இதழ்களில் இதற்கென்று ஒரு பெயர் நிலைத்தது. அதனால் பழைய டாக்டர்கள் சிலர் ‘அதெல்லாம் போய்விடும்’ என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சில மாதத்தில் போகவும் செய்யும். ஆனால் அதுவரை கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் கயிற்றின் இரு முனைப் பக்கத் தோலையும் எதிரெதிர்த் திசையில் மெல்ல இழுத்துப் பிடிப்பார். நாலைந்து அமர்வில் நல்ல மாற்றம் காண்பவர்கள் அதிகம். சில நேரம் ‘டக்’கென்று விட்டுக்கொடுத்ததும் கை தானே உயரும். அந்த ‘டக்’கை வீட்டில் வைத்து நீங்களாக வரவழைக்கப் பார்க்க வேண்டாம்.

ஆசானும் உழிச்சிலும்

குமரி மாவட்டத்தில் பக்கத்து ஊரிலாவது ஒரு வர்ம ஆசான் இருப்பார். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கினால் ஆயுர்வேத உழிச்சில் விளம்பரப் பலகைகள் கண்ணில் படாமல் போகாது. கை தூக்க முடியவில்லை என்றதும் வீட்டில் முதலில் எழும் யோசனை எண்ணெய் போட்டுத் தடவுவதுதான். சுளுக்குக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் ஆசான் கைக்குப் போய்க் குணமானவர்கள் ஊரெல்லாம் இருக்கும்போது இந்த யோசனையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் இந்தக் கைக்கு அது கூடாது.

அழுத்தி உருவுவதும் சூடான எண்ணெயும் கிழியும் அந்தக் கைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ரத்தத்திலிருந்து திசுவுக்குள் கசிகிற நீரும் கூடும். கணுக்களை எடுத்துவிட்ட அக்குள் வழியாக அந்த நீர் திரும்ப வெளியேறும் பாதை குறைந்துபோயிருக்கிறது. அதுவரை வீங்காத கை ஓர் உழிச்சிலுக்குப் பிறகு வீங்கத் தொடங்கலாம். கதிர்வீச்சு பட்ட விலா எலும்புகள் வேறு பலம் குறைந்திருக்கும். அங்கே முழங்கை வைத்து அழுத்தினால் முறியவும் கூடும். தோலில் சின்னக் கீறல் விழுந்தாலே கிருமி உள்ளே போகிற கை இது.

கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் ஒரு காலத்தில் யானைக்கால் அதிகம் என்பதால் வீங்கிய கையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு வரும். அறுவைக்குப் பின் வரும் இந்த வீக்கம் கொசுவால் வருவதல்ல, யானைக்கால் மாத்திரையால் தீர்வதுமல்ல, யாருக்கும் தொற்றுவதுமல்ல. ஆயுர்வேதத்தை அறவே தள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் யானைக்கால் வீக்கத்துக்கு ஆயுர்வேதம், யோகா, நவீன மருத்துவம் மூன்றையும் சேர்த்துச் சிகிச்சை கொடுக்கிறது. அங்கேயும் அடித்தளம் தோல் சுத்தமும் அழுத்தக் கட்டும்தான்.

லாட்ஜ் அறையில் செய்ய முடிந்தவை

கதிர்வீச்சு இப்போதெல்லாம் பலருக்கு மூன்று வாரத்தில், பதினைந்து தடவையில் முடிகிறது. சிலருக்கு ஐந்து வாரம். தினமும் நெல்லையிலிருந்து வந்துபோக முடியாதவர்கள் மாஞ்ஞாலிக்குளம் ரோட்டிலோ மெடிக்கல் காலேஜ் பக்கத்திலோ அறை எடுத்துத் தங்குகிறார்கள். சிகிச்சை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். அந்தச் சுவரையே பயன்படுத்தலாம்.

சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் ஒவ்வோர் அங்குலமாக மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். சட்டென்று கையை விட்டுவிடக் கூடாது. பிறகு பக்கவாட்டாக நின்று அதே மாதிரி. எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால் லாட்ஜ்காரர் கோபிப்பார். ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் குடை இல்லாமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. நீளக் குடை ஒன்று வாங்கிவிடுங்கள், மழைக்கும் ஆச்சு. மல்லாந்து படுத்து இரண்டு கையாலும் குடையைப் பிடித்து, நல்ல கை தள்ள, அறுவை ஆன கை கூடவே போக, தலைக்கு மேலே மெல்லக் கொண்டுபோய் இறக்குங்கள். சாலைக் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் தோர்த்துத் துண்டை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, மேல் கை கீழ் கையை இழுக்கும்படி செய்தால் ரவிக்கையின் பின் கொக்கி போடுகிற அசைவு திரும்பக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒரே வேளையில் ஐம்பது தடவை செய்து மறுநாள் படுத்துக்கொள்வதில் பலனில்லை.

கதிர்வீச்சு நடக்கும்போது நாள் ஏற ஏறத் தோல் சிவந்து கறுக்கும், சிலருக்கு உரியும். அந்த இடத்தில் கையால் செய்யும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டும். தோள் அசைவை நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்குப் போகும் முன் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் அங்குள்ளவர்களைக் கேட்காமல் பூச வேண்டாம். கதிர்வீச்சின் இறுக்கம் சிகிச்சை முடிந்து மாதக்கணக்கிலும் வளரும் என்பதால், பயிற்சியைக் கடைசி நாளோடு மூட்டை கட்டிவிட முடியாது. ஒரு வருஷமாவது தொடர வேண்டும்.

அறையிலேயே அடைந்து கிடக்காமல் மாலையில் நடந்துவிட்டு வரலாம். பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் வடிவமைத்த சுழல் கட்டடத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. படியே கிடையாது, சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும். களைத்தால் அங்கங்கே சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கையும் மேசையும். கீமோ முடிந்து மூச்சு வாங்குகிறவர்கள் கீழ்ச்சுற்றிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். கையை மேசைமேல் நீட்டி வைத்து ஒரு காபி குடிப்பதும் தோளுக்கு ஓய்வுதான்.

வீக்கம் வந்தால்

வீக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ரவிக்கைதான். ஒரு கை மட்டும் பிடிக்கிறது, வளையல் ஏறவில்லை, மோதிரம் இறுகுகிறது, கை கனமாக இருக்கிறது. கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே இவை வரலாம். அதனால் அறுவைக்கு முன்பே, முடியாவிட்டால் அறுவை முடிந்தவுடனாவது, தையல்காரர் டேப்பால் இரண்டு கைகளையும் அளந்து வையுங்கள். மணிக்கட்டிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் மேற்கைவரை. மாதம் ஒரு தடவை, அதே நேரத்தில், அதே ஆள் அளந்தால் நல்லது. வலக்கைக்காரர்களுக்கு வலது கை இயல்பாகவே கொஞ்சம் பருத்திருக்கும். முதல் அளவு இருந்தால்தான் அது வீக்கமா இல்லையா என்று சொல்ல முடியும். ஏதாவது ஓரிடத்தில் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் அடுத்த மறுபரிசோதனைத் தேதிவரை காத்திராமல் காட்டுங்கள்.

இதற்கான கைச் சிகிச்சை 1930-களில் பிரான்சில் வேலை பார்த்த எமில் வோடர் என்ற டென்மார்க்காரரும் அவர் மனைவியும் உருவாக்கியது. முதல் தடவை செய்துகொள்கிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாந்துபோவார்கள். தோல் மட்டும் இழுபடுகிற அளவுக்குத்தான் அழுத்தம், எண்ணெய் கிடையாது, ஒவ்வோர் அசைவும் நிதானமாக. வரிசை இன்னும் விசித்திரமாகத் தோன்றும். வீங்கிய கையைத் தொடாமல் கழுத்தில் தொடங்குவார், பிறகு எதிர்ப்பக்க அக்குள், அதே பக்கத்துத் தொடை இடுக்கு, மார்பு, முதுகு. அதற்கப்புறம்தான் மேற்கை, முழங்கை, கடைசியில் விரல். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் முன் கடைமடை அடைப்பை முதலில் எடுக்கிறோம் அல்லவா, அதே கணக்கு. நேராகக் கையை உருவத் தொடங்குகிறவருக்கு இந்த முறை தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தடவல் மட்டும் வீக்கத்தை இறக்கிவிடாது. பெரும் வேலையைச் செய்வது அதன் பிறகு சுற்றுகிற பல அடுக்குக் கட்டு. நீட்சி குறைவான துணிப்பட்டையை விரலிலிருந்து தோள்வரை, கீழே இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் சுற்றுவார்கள். கட்டோடு கையை அசைக்கும்போது தசை உள்ளிருந்து அழுத்தி நீரை மேலேற்றும். இரண்டு மூன்று வாரம் கிட்டத்தட்ட தினமும் இது நடக்கும். அளவு இறங்கி நின்ற பிறகு, அளவெடுத்து வாங்கிய அழுத்தக் கையுறை. மருந்துக்கடையில் கண்ணளவில் வாங்குவது வீண். மேல்விளிம்பில் இறுகினால் அதுவே வீக்கத்தைக் கூட்டும். பகலில் போட்டு இரவில் கழற்றி, தினமும் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். இந்த ஊர் ஈரக் காற்றில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வர நேரமாகாது. குளித்ததும் துடைத்து உலர்த்துங்கள். பணம் குறைவாக இருந்து இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், தடவலை விட்டுவிட்டுக் கட்டுக்கும் கையுறைக்கும் செலவிடுங்கள் என்பேன்.

பாரம் தூக்கவே கூடாது என்பது பழைய அறிவுரை. முதல் ஆறு வாரத்துக்கு நிறைகுடம், கிணற்றில் இறைப்பது, ஆட்டுக்கல், குழந்தையை இடுப்பில் தூக்குவது எல்லாம் வேண்டாம். அதன் பிறகு அரைக் கிலோவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும். ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தும் இருந்தது. ஊசி, பி.பி. இரண்டையும் மறுகையில் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒரு தடவை அந்தக் கையில் பார்த்துவிட்டார்கள் என்பதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அதனால் வீக்கம் வருகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தோலடித் தொற்று. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கட்டு, தடவல், கையுறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆன்டிபயாடிக். ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடத் தொடங்கலாம். திருவனந்தபுரம் போய்ச் சேர்கிறவரை பொறுத்திருக்காதீர்கள். திடீரென்று ஒரே நாளில் கை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வீக்கம் ஏறிக்கொண்டு போனாலோ, தழும்பில் புதுக் கட்டி தட்டுப்பட்டாலோ, முதலில் புற்றுநோய் டாக்டர் பார்த்த பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் கை வைக்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வண்டியும் சீட்டும்

பேருந்தில் ஏறும்போது கம்பியைப் பிடிப்பது நல்ல கையாக இருக்கட்டும், பையும் அந்தத் தோளில். அறுவை ஆன பக்கம் ஜன்னலோரமாக வருகிற இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தால் நிற்கிறவர்கள் இடிக்க மாட்டார்கள். அக்குளுக்கும் கம்பிக்கும் நடுவே சின்னத் தலையணை. ஆனால் முடிந்தவரை ரயிலில் வாருங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனை உரிய படிவத்தில் சான்று கொடுத்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது. சாதாரண இரண்டாம் வகுப்பில் நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. கூடவருகிற ஒருவருக்கும் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. மறுபரிசோதனைக்கும் இது செல்லும்.

ஊரில் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடும்போது படித்தது பி.பி.டி.யா, எம்.பி.டி.யா என்று கேளுங்கள்; மார்பக அறுவை ஆனவர்களைப் பார்த்திருக்கிறாரா, நிணநீர் வீக்கத்துக்குக் கட்டுப் போடத் தெரியுமா என்பதையும் கேளுங்கள். மேலாடையைத் தளர்த்த வேண்டிய சிகிச்சை இது. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்பதோ, மகள் கூட இருக்க வேண்டும் என்பதோ கூச்சப்பட வேண்டிய கோரிக்கை அல்ல. எத்தனை கணு எடுத்தார்கள், கதிர்வீச்சு எந்தெந்த இடத்துக்கு, குழாய் என்றைக்கு எடுத்தது, இந்த மூன்றும் எழுதிய தாளை அவரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிசியோதெரபி பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், எழுதி வாங்காமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.